எளைச்சிட்டியே, உலகம்

உலகம்மாளை எடை போட வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டு மெஷின் அவள் ஏறியதும் முள்ளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செத்துப்போனது, மருந்துக் கடை மெஷின் எண்ணுக்குப் பதில் வெறும் கோடாகக் காட்டியது, ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கொம்பையா அண்ணாச்சி கடையில், உடைந்த பம்புசெட்டும் பஸ் அச்சும் ஏறி இறங்குகிற பெரிய தராசில் அவள் ஏறி நிற்பாள், தெரு சுற்றி நின்று பார்க்கும். அண்ணாச்சி முள்ளைப் பார்த்துக்கொண்டே, "இரும்பா, தகரமா?" என்று கேட்பார். தெரு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் நடக்கும்.

நூற்று அறுபத்தெட்டு கிலோ. அதை நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் கத்தி வைப்பேன் என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொல்லிவிட்டாள். வயிற்றைச் சின்னதாக மடித்துத் தைக்கிற ஆபரேஷன். உலகம்மாள் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள், பிடித்துத் தைப்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லீரல் கொழுத்து வயிற்றை மூடிக் கிடக்கிறது, இப்படியே மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டீர்கள், ஆபரேஷனே வேண்டாமென்று விட்டால் அடுத்த வருஷம் இருக்க மாட்டீர்கள் என்று டாக்டரம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். படுத்தால் கழுத்துச் சதை மூச்சை அமுக்கும் என்பதால் ஆறு வருஷமாகச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிற உலகம்மாளுக்கு இது புதுச் சேதி இல்லை.

பட்டினி கிடந்தாள். காலையில் வெள்ளரிக்காய், மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி நீர்மோர். முள் அசையவில்லை. சில உடம்பு சொன்னபடி கேட்காது, அவ்வளவுதான். தெரு நம்பவில்லை. ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்றது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் "எளைச்சிட்டியே" என்று சொல்லியாக வேண்டும். துபாயிலிருந்து தொப்பையோடு வந்தவனுக்கும் அதுதான், மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்த மாப்பிள்ளைக்கும் அதுதான், ஜெயிலிலிருந்து வந்தவனுக்கும் அதுதான். நன்றாக இருக்கிறாயே என்றால் கண் பட்டுவிடும், ஒன்றும் சொல்லாவிட்டால் உன்னை நான் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அந்த வார்த்தையை உலகம்மாளுக்கு மட்டும், அவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே, ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் சொன்னவள் எதிர்வீட்டுச் செல்லக்கனி. கேலியாகத்தான். ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குடத்தோடு போனவள் தராசுப் பக்கம் நின்று, "ஏட்டி உலகம், எளைச்சிட்டியே! காத்தடிச்சாப் பறந்துருவ, மடியில கல்லக் கெட்டிட்டு நட" என்றாள். தெரு சிரித்து முடிப்பதற்குள் செல்லக்கனியின் ஜாக்கெட் கொக்கிகள் பட் பட்டென்று தெறித்தன. தராசு முள் இறங்கியது. ஒரு படி அரிசியின் கனம்.

அண்ணாச்சி தராசைத் தட்டிப் பார்த்தார். உலகம்மாளை இறங்கி ஏறச் சொன்னார். அப்புறம் தாமே, சந்தேகத்துக்கு, "எளைச்சிட்டியே" என்றார். அவர் பெல்ட்டில் ஒரு துளை பிய்ந்தது. முள் இன்னும் ஒரு படி இறங்கியது.

காரணம் கேட்காதீர்கள். அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. இனி யார் மேல் ஏறும் என்பதுதான் கேள்வி.

மறுநாளிலிருந்து அந்த வார்த்தை தெருவை விட்டுப் போயிற்று. அவள் முகத்துக்கு நேரே சொன்னால்தான் ஏறும் என்று தெரிந்தும், வாய் தவறிவிடுமோ என்று பயந்து எவரும் எவருக்கும் சொல்லவில்லை. மூன்று வருஷம் மும்பையில் இருந்துவிட்டு எலும்பும் தோலுமாக வந்த ஒருத்தனைப் பார்த்துத் தெருவே வாயை மூடிக்கொண்டது, அவன் பெண்டாட்டியிடம் "ஊர்ல ஒரு நாயிக்காவது எம்மேல பாசம் இருக்கா பாத்தியா" என்று அழுதான். இளைப்பு நோய்க்காரப் பிள்ளைகளின் அம்மாக்கள் கம்பவுண்டரிடம் "நெஞ்சுக்குள்ள பூனை கத்துது" என்றார்கள். ழகரம் வராத எங்கள் ஊர்த் தச்சன் இழைப்புளியை எளைப்புளி என்று சொல்வதை விட்டுவிட்டு, "அந்தச் சீவுத கட்டைய எடு" என்று சொல்லிப் பழகினான். உலகம்மாள் எதிரே வந்தால் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நடந்தார்கள். இதையெல்லாம் ஒருவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கரண்டுக் கம்பி அறுந்து கிடந்தால் ஒதுங்கிப் போவதில்லையா, அதுபோல.

செல்லக்கனி மட்டும் ஜாக்கெட்டோடு வந்தாள். "ஒன்னாலதானட்டி கிழிஞ்சிச்சு, நீயே பிரிச்சுத் தையி" என்று மெஷின் மேல் எறிந்தாள். உலகம்மாள் தையலைப் பிரித்து, உள்மடிப்பு விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

அப்புறம் அவள் வீடு வீடாக ஏறினாள். படி ஏறினால் மூச்சு வாங்கும், இரண்டு படிக்கு ஒரு தரம் நின்று, ஒவ்வொரு வாசலிலும், "மதினி, ஒரே ஒரு தடவ சொல்லுங்க. ஒங்களுக்கு ஒரு படி அரிசி கனம். எனக்கு உசிரு" என்று கேட்டாள். ஒருத்திக்கு ஏற்கெனவே முட்டுவலி. ஒருத்தி மகனைச் சொல்லச் சொல்லியிருப்பாள், அவனுக்குப் பரீட்சையாம். ஒருத்தி கதவைத் திறக்காமலே, "கொறையத் தின்னுட்டி, கொறையும்" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

புருஷன் தளவாய் மினிபஸ் கண்டக்டர். புளியங்கம்பு மாதிரி ஆள். கட்டின பாவத்துக்கு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இரண்டு தடவை சொன்னான். இரண்டு படி ஏறியது. மூன்றாவது தடவைக்கு அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"போதும்ட்டி. நெருக்கத்துல பூந்து டிக்கெட் கிழிக்கணும்லா" என்று தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை. தவறி வந்துவிடுமாம்.

இந்த நிலைமையை மாற்றியதும் செல்லக்கனிதான். அவள் மகள் பூரணம் முருங்கைக்காய். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து, கேசரி தின்று, பெண்ணைப் பார்த்து, "காத்துல ஆடுதாளே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படி வந்தவர்கள் போனவர்களுக்குக் கேசரி கிண்டியே செல்லக்கனிக்குத் தோள் இறங்கியிருந்தது. ஒரு மத்தியானம் மகளை இழுத்துக்கொண்டு வந்து தையல் மெஷின் முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுட்டி."

"அம்மா, வெக்கமா இருக்கு."

"எலும்பக் காட்டிட்டு நிக்கியே, அதுக்கு வெக்கமில்ல. சொல்லு."

"அத்தை, எளைச்சிட்டிய" என்றாள் பூரணம், கண்ணை மூடிக்கொண்டு. ஒட்டிய கன்னம் எழுந்தது. இன்னொரு தடவை சொன்னாள், கழுத்தெலும்பு மறைந்தது. அப்புறம் அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது, ஆசைப்பட்டுச் சொல்லிக்கொண்டே போனாள், உலகம்மாள் அளவு நாடாவை அவள் மார்பிலும் இடுப்பிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு… இன்னும் ஒண்ணு சொல்லு தாயி… இப்பப் போதும், இதுக்கு மேல போனா சேலை நிக்காது" என்று சிரித்தாள். அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கையோடு பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா. பட்டாள ஆள் எடுப்பில் எடை போதாமல் திரும்பி வந்தவன் வந்தான், மஞ்சள்காமாலையில் உருகினவன் வந்தான், பால் வற்றின பிள்ளைத்தாய்ச்சி வந்தாள், கறுத்து மெலிந்து புருஷனால் ஒதுக்கப்பட்டவள் வந்தாள், வேஷ்டி நிற்காத கணக்கு வாத்தியார் வந்தார், ஆட்டு வியாபாரி ஒருவன் கிடாயைக் கொண்டுவந்து அதன் தாடையைப் பிடித்து ஆட்டி ஆட்டி, "எளைச்சிட்டியேன்னு சொல்லுலே, சொல்லு" என்று பழக்கினான், கிடாய் மே என்றது, கனமெல்லாம் அவன் மேலேயே ஏறியது. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதை வேண்டிய இடத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். நன்றி சொன்னவர் இல்லை. கிணற்றுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்.

உலகம்மாளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. முள் இறங்கியது. ஒருநாள் பகலில் தளவாய் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பாயில் மல்லாந்து கிடந்தாள். ஆறு வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்திராதவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்த, தெருப் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள், ஒருத்தி ஒப்பாரியை எடுத்தே விட்டாள். உலகம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன சத்தம்? செத்த நேரம் படுத்திருந்தேன்."

வந்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டு போனார்கள்.

அந்த வாரம்தான் அண்ணாச்சி கூட்டம் போட்டார். இரும்புக் கடையில்தான், அவள் ஏறி நிற்கிற தராசு மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து. "இப்படியே போனா வத்திரும். ஊற விட்டு இறைக்கணும். வெள்ளாமை தெரிஞ்சவனுக்கு நான் சொல்ல வேண்டாம்" என்றார். எல்லோரும் வெள்ளாமை தெரிந்தவர்கள். அம்மன் கொடைக்கு மண்டகப்படி பிரிப்பதுபோல ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று பிரித்தார்கள். முறைக்காரர் வீட்டுச் சாப்பாட்டை அவள் முதலில் தின்ன வேண்டும், அப்புறம் அந்த வீட்டார் வார்த்தை சொல்வார்கள். தின்னாவிட்டால் வார்த்தை கிடையாது. வெளித்தெருக்காரனுக்கு அடியோடு கிடையாது.

அதுமுதல் நெய்ச்சோறு வந்தது, கறிக்குழம்பு வந்தது, முந்திரிக்கொத்து வந்தது, தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சி வந்தது. வளைகாப்புக்காரியைச் சுற்றி நிற்பதுபோலப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, "தின்னு தாயி, இன்னும் ஒரு வாய், எம் பிள்ளைக்காக" என்று ஊட்டினார்கள், அவள் விழுங்கினாள், அவர்கள் சொன்னார்கள், இறங்கினது ஏறியது, ஏறினது இறங்கியது, முள் நூற்று நாற்பதுக்கு மேலே கொஞ்சம் தள்ளி ஆணி அடித்தாற்போல நின்றது. ஒரு நாள் தட்டில் மிச்சம் வைத்தாள். ஒரு வாரம் தெரு வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், "கிட்ட வந்துட்டீங்க, இன்னும் ஒரு அஞ்சு கிலோ" என்றாள். உலகம்மாள் மறுபடி நாற்காலிக்கு வந்தாள். கால் வீங்கி, தோல் மினுமினுத்து, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது.

"அண்ணாச்சி, நான் செத்துப்போனா?" என்று ஒரு வெள்ளிக்கிழமை தராசில் நின்றபடி கேட்டாள்.

"சாவ விடுவமா?" என்றார் அவர், உண்மையான அன்போடு. "கறக்குத மாட்ட எவனாது சாவ விடுவானா?"

அவளுக்கும் மூளை உண்டு. நூல் வாங்கப் போகிறேன் என்று ஒரு காலையில் ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீளமான வார்டு. இருமலும் எலும்பும். வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று, "யாராது என்னையப் பாத்து எளைச்சிட்டியேன்னு சொல்லுங்கய்யா" என்றாள். பைத்தியம் என்று நினைத்தார்கள். கடைசிக் கட்டிலில் கிடந்த ஒரு கிழவன், கேட்கிறவளை ஏன் ஏமாற்ற வேண்டும் என்று, "ஆமா தாயி, எளைச்சித்தான் போயிட்டே" என்றான். சொன்னவன் எழுந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டில்காரன் பார்த்தான். அப்புறம் அவள் கட்டில் கட்டிலாக நின்று நின்று நடந்தாள், அவர்கள் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொன்னார்கள், ஒருவன் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை, அடுத்த கட்டிலுக்கு இருக்கட்டும் என்றான். இந்தக் கதையில் யோக்கியமான இடம் இது ஒன்றுதான். சீக்கிரம் முடிந்துவிட்டது.

அங்கிருந்து நேரே டாக்டரம்மாவிடம் போனாள். நூற்று முப்பத்தெட்டு. திங்கட்கிழமை வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள் டாக்டரம்மா.

சேதி தெருவுக்கு அவளுக்கு முந்தி வந்துவிட்டது. "நாம ஊட்டி வளத்தத வெளியூர்க்காரனுக்கு வாரிக் குடுத்துட்டு வாராளே" என்று செல்லக்கனி நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "வயித்தத் தச்சிட்டா அப்புறம் கோழி கொத்துத மாதிரிதான் திம்பாளாம். ஊறவே ஊறாதாம்!" "சரி" என்றார் அண்ணாச்சி. "போறவள நல்லபடியா வழியனுப்புங்க."

எல்லோருக்கும் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வேன் தெருமுனையில் நின்றது. உள்ளே வரப் பாதை அகலம் போதாது. தளவாய் பையோடு முன்னால் போய் வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். உலகம்மாள் புதுச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் இறங்கினாள். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் ஆட்கள். கையில் எலுமிச்சம்பழம், குங்குமம், வேப்பிலை. தெரு தனக்காக நிற்கிறது என்று அவள் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"எளைச்சிட்டியே, உலகம்" என்றாள் முதல் வாசல்காரி, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து.

"எளைச்சிட்டியே மதினி. எளைச்சிட்டிய அத்தை. எளைச்சிட்டியேட்டி, நல்லபடியாப் போயிட்டு வா." ஒரு வாசலுக்கு ஒன்று என்றுதான் ஆரம்பித்தது; ஒன்று குறைந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள், எத்தனை வாசல் என்று ஒருவரும் எண்ணவில்லை, பிறகு பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வைத்தார்கள், பிறகு பிந்திவிடுவோமோ என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னவர்களும் உண்டு, மனதாரச் சொன்னவர்களும் உண்டு, எல்லாம் ஒரே கனம்தான். சலூன் வாசலில் அவள் சாதாரணப் பொம்பளையாக நடந்தாள். அடிபம்புப் பக்கம் குமரியாக நடந்தாள். "போதும்க்கா, போதும்" என்றாள், சேலைக் கொசுவம் நழுவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், காதைப் பொத்திக்கொண்டாள், காதைப் பொத்தினால் என்ன, வாயல்லவா பொத்த வேண்டும். ஓடினாள். அவள் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் கொக்கிகளும் பொத்தான்களும் சரவெடி மாதிரி தெறிக்க, நடுவில் மெலிந்துகொண்டே ஓடி, இரும்புக் கடையைத் தாண்டி, வேனுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். அதைச் சொல்லியாக வேண்டும். வந்து சேர்ந்துவிட்டாள்.

தளவாய் அவளைக் குனிந்து தூக்கினான். துணி மூட்டை கனம்கூட இல்லை. மணிக்கட்டு அவன் டிக்கெட் எழுதுகிற பென்சில் போல இருந்தது. முகத்தில் கண் மட்டும்தான் பாக்கி.

"ஏத்துங்க. சீக்கிரம்" என்றாள்.

எத்தனையோ மாசமாக முகத்தைப் பார்க்காமல் ஜாக்கிரதையாக இருந்தவன் அப்போதுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தான். பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. வயிறு எரிந்தால் எங்கள் ஊர்க்காரன் வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்.

"அய்யோ, இப்படி எளைச்சிட்டியேட்டி…"

ஒரு கைப்பிடி அரிசி கனம் இருக்கும். அதுவும் அவன் மேல் ஏறியது. கையில் சேலை மட்டும் கிடந்தது.

தெரு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. வேன் டிரைவர், "பேஷண்ட் எங்க?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்போது ஈரத் தலையோடு செல்லக்கனி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். குளித்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. சேலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இருந்தாலும் என்று, "எளைச்சிட்டியே உலகம்" என்றாள். இடுப்பைத் தடவிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஏறலயே, அண்ணாச்சி?"

அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்திருந்த அண்ணாச்சி, "பிந்தி வந்தா அப்படித்தான்" என்றார். மூச்சு வாங்கியது. "சேலை புதுசுதான். அத எடுத்துக்கோ."

தளவாய் முதலில் விடவில்லை. அவள் இழுத்தாள். விட்டான். செல்லக்கனி சேலையை ஒரு உதறு உதறி, உள்ளேயிருந்து எதுவும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.